விரிசல் விட்ட கேமரா ஹவுசிங்: சூப்பர் க்ளூ போதாது

"நீருக்கடி கேமரா ஹவுசிங்கில் (கேமராவுக்குள் நீர் புகாமல் காக்கும் உறையில்) விரிசலா? சூப்பர் க்ளூ தடவி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். கசியவில்லை என்றால் தைரியமாகக் கடலில் இறங்கலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வாளியில் இருப்பது ஓரடி ஆழத் தண்ணீர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. 10 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஹவுசிங் முன்பக்கத்தை 20 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 200 கிலோ அழுத்தும். வாளியில் தாங்கியது அங்கே தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் அந்தப் பசை. காய்ந்தால் நொறுங்கும் தன்மை கொண்டது. விரிசலின் அடி வரை இறங்குவதும் நிச்சயமில்லை. அதன் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும். தின்னர், ஆல்கஹால் போட்டுத் துடைப்பது இன்னும் மோசம், அக்ரிலிக், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக்குகளில் புது விரிசல்களையே உண்டாக்கிவிடும்.

அக்ரிலிக் டோமில் (லென்ஸுக்கு முன்னுள்ள குவிந்த மூடியில்) மேலோட்டமான கீறல் என்றால் சரி, பாலிஷ் செய்யலாம். விரிசல் வேறு. அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். மாற்றிய பிறகு, கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து, நீங்கள் இறங்கப்போகும் ஆழத்துக்கே கொண்டுபோய்ச் சோதியுங்கள். உப்புநீர் புகுந்தால் கேமரா மட்டும் போகாது, லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஹவுசிங்கின் கையேட்டில் ஆழ வரம்பையும் எச்சரிக்கைப் பகுதியையும் படித்துப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.