எழுத்துரு கற்க முதலில் பாகூருக்கு பஸ் ஏறுங்கள்

எழுத்துரு (ஃபான்ட்) வடிவமைப்புப் படிக்க நல்ல வீடியோ, நல்ல பி.டி.எஃப். எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கான பாடம். அதில் n, o இரண்டையும் முதலில் வரைந்து கோட்டின் கனத்தை முடிவு செய்வார்கள். அதே பழக்கத்தில் தமிழில் ப, ட என்று தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் பட்டையாக, கம்பீரமாக நிற்கும். அந்தக் கனத்தோடு ண-வுக்கு வந்தால் சுழிக்குள் வெள்ளையே மிஞ்சாது. 9 பாயின்டில் அச்சிட்டால் வெறும் மைக்கட்டி. கனத்தை ண, ஞ இரண்டிலும் பார்த்து முடிவு செய்துவிட்டு ப-வுக்கு வாருங்கள். கோடுகள் சேரும் மூலையைக் கொஞ்சம் மெலிதாக்குங்கள். சோதித்துப் பார்க்க 'மின்னணு' என்ற ஒரே சொல் போதும்.

புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்குப் பாடப்புத்தகம் வாசலிலேயே இருக்கிறது. பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள். நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது. காலை அல்லது மாலைச் சாய்வெயில் வேண்டும், இல்லையென்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், எண்ணெய் தடவுகிற வேலை வேண்டாம், கல் கெடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. தொடக்கத்து 'ஸ்வஸ்தி ஶ்ரீ' கிரந்தத்தில், அதாவது தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்தில், இருக்கும். குழம்பாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஓலைச்சுவடிகளிலும் (2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை) பெரும்பகுதி கிரந்த எழுத்துதான். ஆனால் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே தடிமனாக ஓடுவதை அங்கே பார்க்கலாம்.

தடிப்பும் மெலிவும் எப்படி வருகின்றன என்று தெரிய தட்டை பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். ஃப்ளெக்ஸ் வந்தபின் கடைவீதியில் அது அருகிவிட்டது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகுகளின் பெயர்களைப் பாருங்கள். பிரஷ் எங்கே திரும்பியது, எங்கே எடுத்து வைத்தார்கள் என்பது பெயின்டிலேயே தெரியும்.

புதுச்சேரி வெள்ளை நகரத்தின் (ஒயிட் டவுன்) நீல எனாமல் தெருப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்திருக்கும். கிட்டே நின்று போட்டோ எடுத்தால் ஓரத்து எழுத்து கோணும். 2, 3 மீட்டர் தள்ளி, பலகைக்கு நேராக நின்று, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். தமிழ்ப் பெயர் அகலத்தை விழுங்கும். அதற்காகக் கணினியில் பக்கவாட்டில் நசுக்கினால் நெடுங்கோடு மெலிந்து, படுக்கைக் கோடு தடித்தபடியே நிற்கும். நம் ஊர் பேனர்களின் அவலட்சணத்தில் பாதி இதுதான். முறையாக ஒடுக்குவது எப்படி என்று பார்க்க கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'அனேக் தமிழ்' எழுத்துருவைத் திறந்து, அகலத்தை 75-இலிருந்து 125 வரை நகர்த்திப் பாருங்கள். இதைவிட நல்ல வீடியோ கிடையாது.

எழுத்துருவை உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருள், அதுவும் இலவசம். கணினியில் நிறுவுகிற டி.டி.எஃப். கோப்பில் வளைவுகளை வரையறுக்கும் புள்ளிகள் மொய்க்கும். வடிவமைப்பாளர் வரைந்த மூலக் கோப்பு கிடைத்தால் அதையே திறங்கள். உகர, ஊகார வரிசையில் 18 மெய்க்கும் தனித்தனி வடிவம், ஆக 36. புதிதாக வருகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

பழைய அச்சுக்குத் தமிழ் மின்னூலகத்தில் ஸ்கேன்கள் இருக்கின்றன. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை எல்லாம் அங்கே கிடைக்கும். விளிம்பை அப்படியே டிரேஸ் எடுக்காதீர்கள், அது தாளில் மை பரவிய அளவு. ஒரே எழுத்தைப் பத்து இடத்தில் வெட்டி எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்; எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.