மறுபடியும் மதுரைதான்

தனியாகப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புது ஊர்தான் பார்க்க வேண்டும், போன ஊருக்கே போவது வீண் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 10 வருடமாகத் தனியாக மதுரைக்குப் போகிறேன். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அதே லாட்ஜ். அதற்கு முன்பு வேறோர் ஊரில், ராத்திரி 9 மணிக்கு, "லேடீஸ் தனியா வந்தா ரூம் கிடையாதும்மா" என்று பையோடு வாசலில் நிறுத்திவிட்டார்கள். அந்த நடுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இங்கே ரிசப்ஷன் தம்பி என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, ரோட்டுப் பக்கம் வேணாம்ல, சத்தத்துல தூங்க மாட்டீங்க" என்று பின்பக்க அறைச் சாவியை எடுத்து வைத்துவிடுவார். ஆதார் ஜெராக்ஸ்கூட அப்புறம்தான்.

ஊரும் கைவிடாது. கோயிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிவதால் வழி தப்புவது கஷ்டம். ராத்திரி பள்ளியறை பூஜைக்குச் சொக்கரின் பாதுகை பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! கூட்டத்தோடு நடக்கும்போது தனியாக வந்த நினைப்பே வராது. வெளியே வந்து சூடாக ஒரு பால் குடித்துவிட்டு, பயமில்லாமல் நடந்தே அறைக்குத் திரும்புவேன். புது ஊர் எதிலும் எனக்கு இது வாய்த்ததில்லை.