ஹாலிவுட் காசில் எடுத்த சுயாதீனப் படங்கள்
அமெரிக்க நடிகை ஜீனா ரோலண்ட்ஸ் ஹாலிவுட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டு, பெரிய ஸ்டுடியோக்களின் பணம் இல்லாமல் எடுக்கும் சுயாதீனப் படங்களில் மட்டுமே வாழ்ந்தார் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. 1967ல் ஃபிராங்க் சினாட்ராவோடு 'டோனி ரோம்' படத்தில் இருந்தார், அதே காலத்தில் டிவி தொடரிலும் தலைகாட்டினார். கணவரும் இயக்குநருமான ஜான் கசாவெட்டிஸ் 'தி டர்ட்டி டஜன்' மாதிரி பெரிய படங்களில் நடித்து வாங்கிய சம்பளம்தான் அவர் இயக்கிய 'ஃபேசஸ்' என்ற சுயாதீனப் படத்தை முடிக்க உதவியது. அதன் படப்பிடிப்பும் பெரும்பாலும் சொந்த வீட்டில்தான். 1974ல் வந்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' படத்துக்கு வீட்டையே அடமானம் வைத்தார்கள், நடிகர் பீட்டர் ஃபாக்கும் கைக்காசு போட்டார். விநியோகஸ்தர் கிடைக்காமல் தியேட்டர்களோடு நேரடியாகப் பேசி வெளியிட்டார்கள். அந்தப் படத்துக்குத்தான் ஜீனாவுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை. இரண்டாவது 1980ல் வந்த 'குளோரியா', அது கொலம்பியா ஸ்டுடியோ படம்! அப்புறம் அந்தக் கட்டுரைக்குக் கருத்து போட்ட ஒருவர், கணவர் இயக்குநர் என்பதால்தான் ஜீனாவுக்கு வாய்ப்பு வந்தது என்று எழுதியிருக்கிறார். கசாவெட்டிஸ் முதல் படம் எடுப்பதற்கு முன்பே, 1956ல், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பிரபல ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு ஜோடியாக நடித்தவர் ஜீனா. சரி, கணவர் எழுதிய பாத்திரங்கள் பெரிய வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1989ல் அவர் இறந்த பிறகும் ஜிம் ஜார்முஷ் போன்ற இயக்குநர்கள் இவரைத் தேடி வந்தார்களே, 'நைட் ஆன் எர்த்' படத்தில் அந்த டாக்சியின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாராம்?