முகத்தைப் பார்த்தது போதும், கைகளைப் பாருங்கள்

பிரெஞ்சு ஓவியர் செசான் தன் மனைவி ஒர்தான்ஸை வரைந்த படங்களில் அவர் உம்மென்று இருப்பதால், அது அன்பில்லாத மணவாழ்க்கையின் அடையாளம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு ஒப்பவில்லை. செசான் ஆமை வேகத்தில் வரைபவர். ஓவிய வியாபாரி வொல்லார் நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்தும் அவர் படம் முடியவில்லை. அசைந்தால் திட்டு வேறு, ஆப்பிள் அசையுமா என்று! அப்படி உட்கார்ந்தால் யார் முகத்தில்தான் சிரிப்பு நிற்கும்? ஒர்தான்ஸ் ஏறக்குறைய முப்பது எண்ணெய் ஓவியங்களுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

போஸ்டனில் உள்ள சிவப்பு நாற்காலிப் படத்தை (சுமார் 1877) பெரிதாக்கிப் பாருங்கள். மடியில் கோத்த கைகள், கழுத்தில் நீல முடிச்சு, கோடு போட்ட பாவாடையில் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக. முகத்திலும் அதே பச்சை லேசாக ஓடுகிறது. பாவாடைக்குக் கொடுத்த கவனம்தான் முகத்துக்கும்.

மனத்தாங்கல் இல்லாமல் இருந்திருக்காது, சரி. 1872இல் மகன் பிறந்தும், தன் அப்பா பணத்தை நிறுத்திவிடுவார் என்று பயந்து குடும்பத்தையே மறைத்தவர் செசான்; கல்யாணம் 1886இல்தான். ஆனால் அந்தக் கணக்கை இந்த ஓவியத்தில் தேடாதீர்கள்.