லண்டனில் லாட்ஜுக்குப் போயிருந்தேன்

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் இப்படித்தான் சொன்னேன். எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மதுரைக்காரனுக்கு லாட்ஜ் என்றால் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிதான். பஸ்ஸை விட்டு இறங்கி, ரூம் போட்டு, குளித்துவிட்டு மீனாட்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கான இடம். நான் சொன்னது ஃப்ரீமேசன்களின் லாட்ஜ். கல் கொத்துகிறவர்களின் பெயரையும் சாமான்களையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, கதவை மூடிச் சடங்கு நடத்துகிற ஒரு சங்கம் அது. அவர்களுடைய கிளைக்கும் கூடும் இடத்துக்கும் லாட்ஜ் என்று பெயர். அதுவும் சாதாரண லாட்ஜ் இல்லை, இங்கிலாந்து ஃப்ரீமேசன்களுக்கே தலைமை இடம். லண்டன் கிரேட் குவீன் தெருவில் மலை மாதிரி நிற்கிறது.

மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். "அப்பா, மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது, வாங்க" என்று கூட்டிப் போனான். டிக்கெட் இல்லை என்றால் நான் எங்கேயும் போவேன்.

உள்ளே போகும்வரை யூடியூப் கதைகள்தான் தலையில் ஓடிக்கொண்டிருந்தன. உலகத்தையே ரகசியமாக ஆள்கிறவர்கள், முக்கோணத்துக்குள் கண், இத்யாதி. வெள்ளைக்காரன் காலத்திலேயே நம் ஆட்கள் இந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். வடக்கே லாட்ஜ் கட்டடத்துக்கு 'ஜாதுகர்', அதாவது மந்திர வீடு என்று பெயர். தமிழில் இன்னும் ஒரு படி மேலே போய் 'தலைவெட்டிக் கோயில்' என்றார்கள். கதவை மூடிக்கொண்டு ஏதோ செய்கிறார்கள் என்றால் தலையைத்தான் வெட்டுவார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல.

மியூசியத்தில் நான் பார்த்தது வேறு. கண்ணாடிப் பெட்டிக்குள் என் அப்பாவின் சாமான் பை.

அப்பா கொத்தனார். செல்லூரில் தொடங்கி திருநகர் வரை அவர் கை படாத ஏரியா குறைவு. சைக்கிள் ஹேண்டிலில் ஒரு காக்கிப் பை தொங்கும். அதற்குள் கரணை, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல்கண்டு. அதே சாமான்கள் இங்கே வெள்ளியிலும் தங்க முலாமிலும், நீலப் பட்டு நாடாவில் கோத்து, விளக்கு வெளிச்சத்தில் மின்னுகின்றன. லாட்ஜின் தலைவர் கழுத்தில் மூலைமட்டம் தொங்கும். அடுத்த நிலையில் இருப்பவருக்கு மட்டம், மூன்றாமவருக்குத் தூக்குக்குண்டு. அவர்களுடைய மட்டத்தில் ரசக்குழாய் கிடையாது. மரச்சட்டத்தின் நடுவே நூல் தொங்கும் பழைய காலத்து மட்டம் அது. மூலைமட்டம் நேர்மைக்காம், மட்டம் எல்லாரும் சமம் என்பதற்காம், தூக்குக்குண்டு நிமிர்ந்து நடப்பதற்காம். சொரசொரப்பான கல் ஒன்று, இழைத்த கல் ஒன்று வைத்திருப்பார்கள். மனுஷன் முதல் கல்லாக வந்து இரண்டாவது கல்லாக மாற வேண்டும் என்று பொருள்.

நல்ல கருத்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்குக்குண்டு பிடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சாரத்தின் மேல் நின்று கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். குண்டு கீழே ஆடி ஆடி அடங்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். அது சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். சாய்ந்து ஒட்டினாலும் தப்பு, விலகி நின்றாலும் தப்பு. தப்பென்றால் அப்பா ஒன்றும் பேச மாட்டார், இரண்டு வரிசைச் செங்கலைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டுவார். அவருக்கு அது ஒழுக்கத்தின் அடையாளம் எல்லாம் இல்லை, அன்றைக்குக் கூலி.

ஃப்ரீமேசன்களில் மூன்று படி உண்டு. எனக்குப் புரிந்த தமிழில் சொன்னால் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. கல் கொத்துகிறவர்களின் பழைய சங்கத்திலிருந்து எடுத்த பெயர்கள். 1717-இல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் ஒன்றுகூடி முதல் தலைமை லாட்ஜை அமைத்தபோதே உள்ளே நிறைய கனவான்கள் வந்துவிட்டார்கள். பிறகு இளவரசர்கள் வந்தார்கள். ஏழாம் எட்வர்டு, சர்ச்சில் எல்லாம் உறுப்பினர்கள். கல் கொத்துகிறவன் இடுப்பில் கட்டும் தோல் ஏப்ரன் இவர்களிடம் வெள்ளை ஆட்டுத்தோலாகி, மேலே போகப் போக தங்கச் சரிகை ஏறிவிட்டது. இவர்களில் எத்தனை பேர் ஒரு செங்கலாவது வைத்திருப்பார்கள் என்று தமிழில் கேட்டேன். மகன் என் கையைக் கிள்ளினான்.

இந்தத் தலைமை லாட்ஜில் இன்றைக்கும் பெண்களுக்கு இடமில்லை. அவர்களுக்குத் தனி அமைப்பு, 1908-லிருந்து இருக்கிறது. சிரிக்கத் தோன்றியது, அப்புறம் நம்மூர் நினைவு வந்தது. நம் ஊரில் சித்தாள் என்றாலே பெண்தான். முப்பது வருஷம் சாந்துச் சட்டி சுமந்த எத்தனை அக்காக்களை எனக்குத் தெரியும், ஒருத்தர் கையிலாவது யாராவது கரணையைக் கொடுத்தார்களா? முதல் படியிலேயே ஆயுசு முடிகிறது. அங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள், இங்கே சட்டமே தேவைப்படவில்லை.

நமக்கு இதெல்லாம் ரொம்பத் தூரத்துச் சங்கதியும் இல்லை. 1752-லேயே சென்னையில் லாட்ஜ் வந்துவிட்டது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா திருச்சியில் சேர்ந்தார். விவேகானந்தர்கூட சந்நியாசி ஆவதற்கு முன்பு, 1884-இல், கல்கத்தாவில் உறுப்பினர் ஆனவர். இந்தியாவுக்கென்று தனித் தலைமை லாட்ஜ் 1961-இல் அமைந்தது.

சரி, என்னை அசைத்த இடத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடமே ஒரு நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் செத்துப்போன 3,225 ஃப்ரீமேசன்களுக்காக, ஊர் ஊராக லாட்ஜ்களில் வசூல் செய்து, 1927-இல் தொடங்கி 1933-இல் முடித்திருக்கிறார்கள். அத்தனை பேருடைய பெயரையும் எழுதிய சுருள் ஒரு வெண்கலப் பேழைக்குள் இருக்கிறது. பெரிய மண்டபத்தின் வெண்கலக் கதவு ஒன்று ஒன்றேகால் டன் எடையாம். பெயர்களைத் தொலைத்துவிடக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதுவரை நக்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

மதுரையில் எந்தப் பெயரை வைத்திருக்கிறோம்? திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகிறவர்கள் தூணைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுக்கிறார்கள். அந்தத் தூண்களின் மேல் இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. இன்றும் தடவிப் பார்த்தால் கை வழுக்குகிறது. பூசினவன் பெயர்? மன்னர் பெயர் தெரியும், பழுது பார்த்த கவர்னர் நேப்பியர் பெயரும் தெரியும். தஞ்சாவூரிலாவது குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரைக் கல்வெட்டில் வெட்டி வைத்தார்கள்.

நமக்கு மிஞ்சிய ஒரே ஆள் பெருமாள் மேஸ்திரி. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலப்படுத்தியபோது வேலையை முன்னின்று பார்த்தவர்கள் மாரட் என்கிற சர்வேயரும் பெருமாள் மேஸ்திரியும். அதனால்தான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு நினைவுச் சின்னமாக விளக்குத்தூண் கிடைத்தது. 'மேஸ்திரி' என்ற சொல்லே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. ஃப்ரீமேசன்கள் தங்கள் மூன்றாம் படிக்கு வைத்த 'மாஸ்டர்' என்பதும் அதே குடும்பத்துச் சொல்தான். ஆக, லாட்ஜும் மேஸ்திரியும் ஒரே தெருவில் இருக்கிற ஊர் நம்முடையது. அந்தத் தெருவில் ரூம் போடுகிறவர்களிடம் பெருமாள் யார் என்று கேட்டுப் பாருங்கள், அழகர்கோயில் பெருமாள் என்பார்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த மேஸ்திரி அண்ணன் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். போனில் அந்தப் படங்களைக் காட்டினேன். வெள்ளிக் கரணையை இரண்டு விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "பிடி சரியில்லையே தம்பி. இதை வச்சு ஒரு மணி நேரம் பூசினா மணிக்கட்டு போயிரும்" என்றார். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைக்கிற பக்குவம் அவருக்குத் தெரியும். கேட்க ஆளில்லை.

பெரிய கட்டடம் யாரும் கேட்கவில்லை. மகாலில் ஒரு மூலை, நாலு கண்ணாடிப் பெட்டி, அருகில் அந்த அண்ணனை மாதிரி ஒருவர் உட்கார ஒரு நாற்காலி, அவருக்கு ஒரு சம்பளம். அவ்வளவு போதும்.

அப்பாவின் தூக்குக்குண்டு என்னிடம் இருக்கிறது. மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க இத்தனை நாள் அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம். போன வாரம் எடுத்துத் துடைத்து வைத்தேன். இப்போது கதவு படார் படாரென்று அடிக்கிறது, வீட்டில் திட்டு விழுகிறது. மகாலில் யாருக்காவது பழக்கம் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.