அந்தப் படம் நேபாளத்தில் எடுத்தது அல்ல

பட்டர்வொர்த் கோயில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நம் குழுவுக்கு வந்திருக்கும் படத்தில் ஒரு பையன் தங்கையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். 2015 நேபாள நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்தவர்கள் என்கிறது குறிப்பு. இல்லை அண்ணே. வியட்நாமின் ஹா ஜியாங் மாநிலத்தில் 2007இல் நா சோன் நுயென் எடுத்த படம் இது. அப்பா அம்மா வயலில் இருந்தார்கள். புது ஆளைப் பார்த்து அழுத தங்கையை அண்ணன் கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். சிரியா போர்ப் பிள்ளைகள் என்றும் இதே படம் சுற்றியிருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். படத்தைச் சேமித்து, அது இணையத்தில் வேறெங்கே வந்திருக்கிறது என்று தேடித்தரும் டின்ஐ (TinEye) தளத்தில் ஏற்றி, பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். நிலநடுக்கம் நடந்த 2015 ஏப்ரல் 25க்கு முந்தைய ஒரே ஒரு பதிவு கிடைத்தாலும் போதும், நிலநடுக்கப் படமாக இருக்க வாய்ப்பில்லை. கூகுள் லென்ஸிலும் தேடலாம். ஆனால் மேலே ‘நேபாளம்’ என்று எழுதிய ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போட்டால், அது எழுத்தைப் படித்துவிட்டு நேபாளச் செய்திகளையே காட்டக்கூடும். பிள்ளைகள் மட்டும் தெரியும்படி வெட்டிவிட்டுத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் பல கை மாறி மங்கிய பிரதி என்றால், தேடலில் கிடைப்பதில் பெரிய அளவுப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து அதன் தேதியைப் பாருங்கள்.