ஆப்பிரிக்க பாட்காஸ்ட்: குரல் சொந்தம், வழி வாடகை

2022 அக்டோபரில், இசையையும் பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலி நிகழ்ச்சிகளையும் வழங்கும் ஸ்டாக்ஹோம் நிறுவனமான ஸ்பாட்டிஃபை, ஆப்பிரிக்க பாட்காஸ்ட் நிதி என்ற ஒன்றை அறிவித்தது. கென்யா, நைஜீரியா, கானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 13 நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்து 1 லட்சம் டாலர். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு நிகழ்ச்சிக்கு 7,700 டாலர்கூடத் தேறாது. ஜோ ரோகன் என்ற ஒற்றை அமெரிக்க பாட்காஸ்டருடன் அதே நிறுவனம் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 20 கோடி டாலர் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியிருந்தது. கணக்கு எளிது: நான்கு நாடுகளுக்கு ஒதுக்கியதைப்போல இரண்டாயிரம் மடங்கு.

அந்தப் பணம் பயன்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நைரோபியிலோ அக்ராவிலோ தன் கைக்காசைப் போட்டு நிகழ்ச்சி நடத்துபவருக்கு அது ஒலித்தொகுப்பாளரின் பல மாதச் சம்பளம். என் எரிச்சல் எல்லாம், இத்தகைய அறிவிப்புகளை வைத்து ஆப்பிரிக்காவில் பாட்காஸ்ட் பெருவளர்ச்சி கண்டுவிட்டதாக எழுதப்படும் கட்டுரைகளின் மீதுதான். திறமைக்கும் கேட்பவர்களுக்கும் அங்கே ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை. குரல் காதுக்குப் போய்ச் சேரும் வழியும், காசு திரும்பி வரும் வழியும் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் சுயாதீன பாட்காஸ்ட்டின் எதிர்காலம் அமையும் என்பது என் கருத்து.

அந்த 13 பேரில் சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கென்யாவின் அடெல் ஒன்யாங்கோ வானொலியில் பெயர் பெற்ற அறிவிப்பாளர்; 2019-இல் அந்த வேலையை விட்டுவிட்டு 'லீகலி க்ளூலெஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். சாதாரண மனிதர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் பகுதிதான் அதன் உயிர். பத்திரிகையாளர் கெவின் முவாச்சிரோ, 'நிபே ஸ்டோரி'யில் ஆப்பிரிக்க எழுத்தாளர்களின் சிறுகதைகளை வாசிக்கிறார். இதழ்களிலும் தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கும் கதைகளுக்கு அது இரண்டாவது வாழ்வு. நைஜீரியாவில் ஜோலா அயேயேவும் எஃப்.கே. அபுடுவும் 2017 முதல் நடத்திவரும் 'ஐ செட் வாட் ஐ செட்', இரண்டு தோழிகள் யாருக்கும் பயப்படாமல் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சி. இவற்றை எல்லாம் விளம்பரதாரரின் முகம் பார்த்து நடக்கும் எஃப்எம் நிலையத்தில் இதே வடிவத்தில் கேட்டிருக்க முடியாது. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டம் நடப்பில் இருக்கும் கென்யாவிலிருந்தே, ஆப்பிரிக்கப் பாலினச் சிறுபான்மையினரின் வாழ்க்கையைப் பேசும் 'ஆஃப்ரோக்வியர்' 2018-இல் வெளிவந்தது என்றால், வானொலி விட்டுவைத்த இடம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இனி, வழிக்கு வருவோம். முதல் சுங்கச்சாவடி டேட்டா. தென்னாப்பிரிக்காவில் 2016-இல் 'டேட்டா மஸ்ட் ஃபால்' என்ற பெயரில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்நாட்டின் போட்டி ஆணையம் விசாரணை நடத்தி 2019 டிசம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்ட பிறகுதான், வோடகாம் நிறுவனம் 30 நாள் செல்லுபடியாகும் 1 ஜிபி டேட்டாவின் விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாக இறக்கியது. 2020 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் குறைந்த விலையை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கோப்பு ஏறக்குறைய 29 எம்பி வரும். 1 ஜிபியில் 34 மணி நேரம் கேட்கலாம்; ஒரு மணி நேரத்துக்கு 3 ராண்டுக்கும் குறைவு. அதே உரையாடலைக் காணொளியாக, சுமாரான தரத்தில் பார்த்தாலும் இரண்டு மணி நேரத்தில் அந்த 1 ஜிபி காலியாகிவிடும்.

இந்தக் கணக்கு தெரிந்தவர்கள்கூட இன்று காணொளியின் பின்னால் ஓடுகிறார்கள். காரணம் தென்னாப்பிரிக்காவின் 'பாட்காஸ்ட் அண்ட் சில் வித் மேக்ஜி'. 2018-இல் தொடங்கி, யூடியூபில் 10 லட்சம் சந்தாதாரர்களைத் தாண்டிய அந்த நிகழ்ச்சியைப் பார்த்து, லாகோஸ் முதல் கம்பாலா வரை எல்லாரும் கேமராவும் விளக்கும் வாங்கி, சோபாவில் நான்கு பேரை உட்கார வைத்துவிட்டார்கள். விளம்பரதாரர்களும் யூடியூப் பார்வைகளைத்தான் எண்ணுகிறார்கள், ஆகவே தயாரிப்பாளர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இது நல்ல பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. மினிபஸ்ஸில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவரும், கடையில் நின்றுகொண்டே கேட்கிறவரும், எம்பி எம்பியாகக் காசு கொடுப்பவரும்தான் ஒலிக்கு இயல்பான நேயர்கள். காணொளிக்கு மாறும்போது அவர்களைக் கழித்துவிட்டு, வீட்டில் வைஃபை உள்ளவர்களை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்கிறோம். அவர்களை நோக்கி ஏற்கெனவே உலகமே கூவிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது சுங்கச்சாவடி டாலர். இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஒலிக்கோப்புகளை ஏற்றிவைக்கும் ஹோஸ்டிங் சேவைகள், எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் டாலரில்தான் கட்டணம் கேட்கின்றன. மாதம் 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலர் ஏறக்குறைய 460 நைஜீரிய நைரா. அப்போது அந்தக் கட்டணம் 5,500 நைரா. அந்த ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்று விட்ட பிறகு, 2024-இல் டாலர் 1,500 நைராவைத் தொட்டது. அதே சேவை 18,000 நைரா ஆனது. அப்போது நைஜீரியாவின் மாதக் குறைந்தபட்ச ஊதியமே 30,000 நைராதான். 2024 ஜூலையில்தான் 70,000 ஆனது. இதற்கிடையே 2023 மே மாத இறுதியில் பெட்ரோல் மானியமும் நின்றது. லாகோஸில் மின்சாரம் போனால் ஸ்டுடியோவை ஓட்டும் ஜெனரேட்டருக்கு அதே பெட்ரோல்தான். நேயர்கள் அப்படியே இருக்க, நிகழ்ச்சிகள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

செலவு டாலரில் என்றால் வரவாவது டாலரில் வருகிறதா? ஸ்பாட்டிஃபை 2025 ஜனவரியில் படைப்பாளர்களுக்கு வருவாய்ப் பங்கு தரும் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் இருந்தவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே. நைஜீரியர்களால் பேபால் வழியாகப் பணம் செலுத்த முடிந்தாலும் பெற முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2007-இலேயே எம்-பெசாவைக் கொண்டுவந்து, தெருவோரக் காய்கறிக்கடை வரை கைப்பேசியில் பணம் மாற்றப் பழகிவிட்ட கென்யாவில், நேயர் ஒருவர் தனக்குப் பிடித்த நிகழ்ச்சிக்கு 50 ஷில்லிங் அனுப்புவது பாட்காஸ்ட் செயலிக்குள்ளேயே ஒரு பொத்தானாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சிலர் தங்கள் எம்-பெசா எண்ணை நிகழ்ச்சியின் முடிவில் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வரி மட்டும் முந்திக்கொண்டது: 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில், இணையப் படைப்பாளர்களின் வருமானத்தில் 15 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ள கென்ய அரசு முனைந்து, எதிர்ப்பு வந்ததால் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது.

அரசுகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை, ஆனால் விடவும் முடியாது. தான்சானியா 2018-இல் வலைப்பதிவு, இணைய வானொலி, இணையத் தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் உரிமம் கட்டாயம் என்றது. விண்ணப்பம், உரிமம், ஆண்டுக் கட்டணம் என எல்லாம் சேர்த்து 21 லட்சம் தான்சானிய ஷில்லிங், அதாவது 900 டாலருக்கு மேல். ஒரு தான்சானியரின் ஓராண்டுச் சராசரி வருமானமே அப்போது ஏறக்குறைய அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூலையில் உகாண்டா, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. 2021-இல் அதைக் கைவிட்டு, டேட்டாவின் மீதே 12 சதவீதம் விதித்தது. தென்னாப்பிரிக்காவின் கதை சற்றுச் சிக்கலானது. மேக்ஜி நிகழ்ச்சியில் பாலினச் சிறுபான்மையினர் குறித்துப் பேசப்பட்ட இழிவான பேச்சுக்காக 2021-இல் விளம்பரதாரர்கள் விலகினார்கள். நிகழ்ச்சியோ சாயாமல் மேலும் வளர்ந்தது. பெண் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரைப் பற்றி 2025-இல் அதே நிகழ்ச்சியில் வந்த பேச்சு, பாட்காஸ்ட்களை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற குரலை நாடாளுமன்றக் குழு வரை கொண்டுபோனது. அந்தப் பேச்சுகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை. இருந்தாலும் அவதூறுக்கும் வெறுப்புப் பேச்சுக்கும் அந்நாட்டில் ஏற்கெனவே சட்டமும் சமத்துவ நீதிமன்றமும் இருக்கின்றன. உரிமம் என்று ஒன்று வந்தால் அதைக் கட்டும் வசதி மேக்ஜிக்கு உண்டு. படுக்கையறையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்யும் பெண்ணுக்கு இருக்காது.

நம்பிக்கை எங்கே என்று கேட்டால், பலர் பழசு என்று ஒதுக்கும் இரண்டு இடங்களைக் காட்டுவேன். ஒன்று வாட்ஸ்அப். ஆப்பிரிக்கா செக் அமைப்பும் ஜொகன்னஸ்பர்க்கின் வால்யூம் நிறுவனமும் சேர்ந்து 2019-இல் தொடங்கிய 'வாட்ஸ் க்ராப் ஆன் வாட்ஸ்அப்', வதந்திகளைச் சோதித்துச் சொல்லும் சிறு நிகழ்ச்சி. குரல்பதிவாகவே வாட்ஸ்அப்பில் வந்து சேரும், கேட்டவர் அதை அப்படியே அத்தைக்கும் அண்ணனுக்கும் தள்ளிவிடலாம். தனிச் செயலி வேண்டாம். வதந்தி எந்த வழியாக வந்ததோ அதே வழியாக மறுப்பும் போகிறது.

மற்றொன்று வானொலி. தென்னாப்பிரிக்காவில் ஜூலு மொழியில் ஒலிபரப்பாகும் உகோசி எஃப்எம்மை 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவில் 2,000 மொழிகள் வரை பேசப்பட, பாட்காஸ்ட் தரவரிசைகளின் உச்சியில் நிற்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது, நேயர்களின் ஆசையைவிட விளம்பரதாரர்களின் ஆசையைத்தான் காட்டுகிறது. உள்ளூர் மொழியில் பேசத் தெரிந்தவர்களும், அதைக் கேட்கப் பழகிய காதுகளும், எம்பி செலவில்லாத அலைவரிசையும் வானொலியிடம் இருக்கின்றன. நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திராமல் எதையும் பேசும் துணிச்சல் சுயாதீனப் பாட்காஸ்டரிடம் இருக்கிறது. 'லீகலி க்ளூலெஸ்' பாட்காஸ்ட்டாக வந்துகொண்டே கென்ய வானொலியிலும் ஒலிபரப்பானது எனக்கு அதனால்தான் முக்கியமாகப் படுகிறது: வானொலியை விட்டு வெளியேறியவர், நிகழ்ச்சியின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வானொலியை விநியோக வழியாக மட்டும் பயன்படுத்திக்கொண்டார்.

நைரோபியின் ஆப்பிரிக்கா பாட்ஃபெஸ்ட் அமைப்பு ஆண்டுதோறும் பிப்ரவரி 12-ஐ ஆப்பிரிக்க பாட்காஸ்ட் நாளாகக் கொண்டாடுகிறது. அத்தகைய மேடைகளில் கேமரா வாங்குவது பற்றிய வகுப்புகளைக் குறைத்து, ஊர் வானொலி நிலையத்தோடு எழுத்துபூர்வமாக எப்படி ஒப்பந்தம் போடுவது, பழைய அத்தியாயங்களின் உரிமையை எப்படித் தக்கவைப்பது, உள்ளூர் நாணயத்தில் சிறு சந்தாவை எப்படி வசூலிப்பது என்பதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால், அடுத்த நன்கொடை அறிவிப்புக்காக ஸ்டாக்ஹோமைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய தேவை இவர்களில் சிலருக்காவது குறையும்.